மருந்துக்கடை அண்ணன்மாருக்கு, வயல் நண்டுக்காக ஒரு மடல்

காட்டுமன்னார்கோயில், லால்பேட்டை, குமராட்சி பக்கம் பூச்சிமருந்து கடை வச்சிருக்கற அண்ணன்மாருக்கு வணக்கம்.

இத ஆபீசருக்கு எழுதாம உங்களுக்கு ஏன் எழுதறேன்னா, வீராணம் ஏரி பாசனத்துல நெல்லு தண்டுல சாறு உறிஞ்சற புகையான் பூச்சி விழுந்தாலும் இலை சுருண்டாலும் நாங்க மொதல்ல ஓடி வர்றது உங்க கடைக்கு, நீங்க எடுத்து குடுக்கறத தான் அடிக்கிறோம்.

சம்பாவுக்கு மருந்து அடிச்ச மறுநாள் வரப்புல நடந்து பாருங்கண்ணே. ராத்திரில மேய வர்ற நண்டு பட்டப்பகல்ல வளைக்கு வெளிய கெடக்கும், காலு வெட்டி வெட்டி இழுக்கும், கிட்ட போனா கொடுக்க கூட தூக்காது. நண்டும் இறாலும் பூச்சிக்கு பங்காளி தானே, அதே மாதிரி நரம்பு, அதே மாதிரி ஓட்ட கழட்டி கழட்டி வளர்ற உடம்பு, அதனால குளோர்பைரிபாஸ்ங்கற பூச்சிமருந்து பூச்சி நரம்ப என்ன பண்ணுதோ அதையே தான் நண்டுக்கும் பண்ணுது. டப்பாவுல விஷம் எவ்வளவுன்னு காட்டற முக்கோண கலர பாத்து "இது நீலம் தான், பயம் இல்ல"ன்னு சொல்லாதீங்க, அந்த கலர் எலி மாதிரி பிராணிக்கு குடுத்து பாத்து போட்டது, நண்டுக்கு அது பொருந்தாது.

ஒரு கணக்கு சொல்றேன். குடிதண்ணிக்கான ஐஎஸ் 10500ங்கற இந்திய தரத்துல குளோர்பைரிபாஸ் லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் வரைக்கும் இருக்கலாம். ஆனா டாஃப்னியான்னு தண்ணில துள்ளிக்கிட்டு கெடக்கற பொடி உயிர் இருக்கு, அதுவும் நண்டு, இறால் கூட்டத்த சேந்தது தான், 1 மைக்ரோகிராமுக்கு கீழயே 48 மணி நேரத்துல பாதி செத்துடும். மீன் குஞ்சு வளர்றதே அந்த மாதிரி பொடி உயிர தின்னு தான்.

நண்டு வரப்ப ஓட்ட போடுது, போனா போகட்டும்னு சில பேர் சொல்வாங்க. வளை அடைக்கறது பெரிய ரோதன தான், இல்லன்னு சொல்லல. அதுக்காக வடிகால் முழுக்க இறால், மீன் குஞ்சு எல்லாத்தையும் சேத்து கொல்லணுமா?

அதனால மருந்து குடுக்கும்போது ரெண்டு வார்த்த சேத்து சொல்லுங்க. புகையானுக்கு தண்ணி வடிக்கணும்னா அடிக்கறதுக்கு முன்னாடி வடிக்க சொல்லுங்க, அடிச்ச பிறகு சில நாள் மடைய தொறக்க வேணாம், டேங்க வாய்க்கால்ல கழுவ வேணாம், மழ கட்டி நின்னா அன்னிக்கி அடிக்கவே வேணாம். நெல்லுக்கு சைபர்மெத்ரின் கேட்டா தயவுசெஞ்சு குடுக்காதீங்க, அந்த வகை மருந்தால புகையான் திரும்ப கெளம்பும்னு உங்களுக்கே தெரியும், நண்டுக்கும் இறாலுக்கும் அது சொட்டு போதும். இதயெல்லாம் ஒரு அட்டைல தமிழ்ல எழுதி கல்லாவுக்கு பக்கத்துல மாட்டுங்க, எழுதி குடுக்க ஆள் வேணும்னா நானே வர்றேன்.