ஸ்பிரிங் வாங்குவதற்கு முன்

கொலம்பஸ், ஒஹாயோ
அக்டோபர்

அன்புள்ள செந்தில்,

பதில் போடத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கர் இல்லாமல் வாசல்வரை நடக்கிறார் என்று படித்ததும் மனசு லேசானது. படி ஏற இப்போதே அவசரப்பட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். அவர் கேட்கமாட்டார், இருந்தாலும் சொல். இங்கே எல்லோரும் நலம். பெரியவள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அவள் அறையில் இப்போது என் டயர்கள் குடியிருக்கின்றன. அதைப் பற்றி வீட்டில் என்ன பேச்சு நடக்கிறது என்று உனக்கு நான் எழுதத் தேவையில்லை.

சரி, உன் ஸ்விஃப்ட் காரைப் போட்டிக்குத் தயார் செய்யும் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்பிரிங்கும், இடது வலது சக்கரங்களை இணைத்து வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்வே பார் என்ற கம்பியும் சேர்த்தே வாங்கிவிடலாம் என்று இருக்கிறாய். கடைக்காரர் "ஒன்றரை இன்ச் இறங்கும், வண்டி சாயவே சாயாது" என்கிறார். கொஞ்சம் பொறு. நீ ஓட்டப்போகும் போட்டியின் சட்டப் புத்தகத்தை முதலில் வாசித்துவிடு. இங்கே எஸ்சிசிஏ (அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப்) நடத்தும் சோலோ போட்டிகளில், அதாவது கோன்களுக்கு நடுவே நேரம் பார்த்து ஓட்டும் போட்டிகளில், ஸ்ட்ரீட் பிரிவில் கம்பெனி ஸ்பிரிங்கைத் தொடவே கூடாது. ஷாக் அப்சார்பரை மாற்றலாம். முன்னாலோ பின்னாலோ ஏதாவது ஒரு பக்கம் மட்டும் ஸ்வே பாரை மாற்றலாம். ஸ்பிரிங்கை மாற்றினால் ஸ்ட்ரீட் டூரிங் போன்ற மேல் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே உன்னைவிட அதிகம் செலவு செய்தவர்கள் காத்திருப்பார்கள். 2009 முதல் நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கனில் தேசியப் போட்டி நடக்கிறது, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வருகிறார்கள். அதில் ஸ்ட்ரீட் பிரிவு வண்டிகள், அதே கம்பெனி ஸ்பிரிங்கோடு, ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் நீ பர்ஸைத் திரும்பப் பாக்கெட்டில் வைத்துவிடுவாய்.

கடைக்காரர்கள் எல்லோரும் வண்டி சாய்வதைத்தான் வியாதியாகக் காட்டுகிறார்கள். என் பழைய மியாட்டாவை (மாஸ்டாவின் பின்சக்கரம் இழுக்கும் சின்ன ஸ்போர்ட்ஸ் கார்) வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார். நான் உட்கார்ந்தால் சுமார் 1050 கிலோ. எடையின் மையம் தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள். இரண்டு சக்கரங்களுக்கு நடுவே அகலம் சுமார் 142 சென்டிமீட்டர். நல்ல டயரோடு 1 ஜி அளவுக்கு, அதாவது வண்டியின் எடைக்குச் சமமான பக்க விசை வரும்படி திருப்பினால், உள்பக்க டயர்களிலிருந்து வெளிப்பக்க டயர்களுக்கு ஏறத்தாழ 330 கிலோ மாறும். எடை, உயரம், அகலம், திரும்பும் விசை, இந்த நான்கும்தான் அந்த 330-ஐத் தீர்மானிக்கின்றன. இரும்புக் குழாய் மாதிரி தடியான ஸ்வே பார் போட்டாலும் அது குறையாது. வண்டி சாய்வது குறையும், அவ்வளவுதான்.

அப்படியானால் பார் என்னதான் செய்கிறது? அந்த 330 கிலோவில் முன்பக்கம் எவ்வளவு சுமக்க வேண்டும், பின்பக்கம் எவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கிறது. டயரின் மேல் பாரம் ஏற ஏறப் பிடிப்பும் ஏறும், ஆனால் அதே விகிதத்தில் ஏறாது. அதனால் எந்தப் பக்கம் கடினமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் வெளி டயர் அதிகம் சுமந்து, முதலில் வழுக்கும். முன்பாரைத் தடிப்பாக்கினால் அண்டர்ஸ்டீர், அதாவது ஸ்டீயரிங்கைத் திருப்பியும் வண்டி நேராகப் போகப் பார்க்கும்; பின்பாரைத் தடிப்பாக்கினால் பின்பக்கம் சுழலும். புத்தகத்தில் இவ்வளவுதான் இருக்கும்.

ஆனால் இங்கே வந்து பார்த்தால் பின்சக்கரம் இழுக்கும் வண்டிக்காரர்கள் எல்லோரும் முன்னால்தான் தடித்த பார் போட்டிருப்பார்கள். முதலில் எனக்கும் தலைகீழாகத் தெரிந்தது. காரணம் எளிது. வளைவிலிருந்து வெளியே வரும்போது உள்பக்கப் பின்சக்கரம் தரையில் அழுந்தாவிட்டால், இரண்டு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரிக்கும் சாதாரண டிஃபரன்ஷியல் எல்லாச் சக்தியையும் அந்தச் சக்கரத்தைச் சும்மா சுற்றுவதில் வீணாக்கிவிடும். முன்பார் கடினமாக இருந்தால் சாய்வின் பெரும்பங்கை முன்பக்கம் ஏற்றுக்கொள்ளும், பின்சக்கரம் இரண்டும் தரையோடு இருக்கும். ஐம்பது அறுபது விநாடி ஓட்டத்தில் ஒவ்வொரு கோனுக்கும் பிறகு சீக்கிரம் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க முடிவதுதான் ஜெயிப்பு. ஒரு கோனைத் தட்டினால் 2 விநாடி போச்சு, அதை எந்த ஸ்பிரிங்காலும் மீட்க முடியாது.

உன்னுடையது முன்சக்கரம் இழுக்கும் வண்டி, ஆகையால் கதை திரும்புகிறது. பின்பக்கத்தைத்தான் கடினமாக்க வேண்டும். ஸ்விஃப்டின் பின்பக்கம் டார்ஷன் பீம். இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் அந்தக் குறுக்குச் சட்டமே முறுக்கிக்கொண்டு ஸ்வே பார் வேலையைச் செய்கிறது. அதோடு சேர்த்துப் பூட்டும் கூடுதல் பார் கிடைத்தால் முதல் பணத்தை அதில் போடு. வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டுக் கொஞ்சம் தூக்கும், பயப்படாதே. தூக்கிய பிறகு பின்னால் மாறுவதற்கு இன்னும் பாரம் மிச்சமில்லை, அதற்கு மேல் பாரைத் தடிப்பாக்கிப் பயனும் இல்லை. ஆனால் உங்கள் பக்கம் மண்ணில் நடக்கிற ஆட்டோகிராஸுக்கு அதே செட்டப்போடு போகாதே. பிடிப்புக் குறைந்த இடத்தில் எல்லாமே மெத்தென்று இருக்க வேண்டும். அந்தக் கூடுதல் பாரைக் கழற்றி வைத்துவிட்டே போகலாம்.

பார் வாங்கும்போது விட்டத்தை மில்லிமீட்டரில் பார். விட்டத்தின் நான்காம் படிக்கு ஏற்பக் கடினம் கூடும். 19 மில்லிமீட்டரிலிருந்து 22-க்குப் போனால் மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றும், கடினமோ ஏறத்தாழ 80 சதவீதம் கூடிவிடும். உள்ளே பாதி விட்டத்துக்குத் துளையுள்ள பார் கிடைத்தால் இன்னும் நல்லது. எடை கால் பங்கு குறையும், கடினத்தில் 6 சதவீதம்தான் போகும். முனையில் இரண்டு மூன்று ஓட்டை இருக்கிற மாதிரி வாங்கு, மைதானத்திலேயே ஸ்பேனர் வைத்து மாற்றிக்கொள்ளலாம். அப்புறம் பாரைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் எண்ட் லிங்கைப் பூட்டும்போது உன்னை உட்கார வைத்து, வண்டி சக்கரத்தில் நிற்கும்போது பூட்டச் சொல். ஜாக்கியில் தொங்கும்போது பூட்டினால் பார் முறுக்கிக்கொண்டே இருக்கும், இடது வளைவு ஒரு மாதிரி, வலது வளைவு வேறு மாதிரி.

இப்போது ஸ்பிரிங். கடையில் சொல்லும் எண் ஸ்பிரிங்கின் கடினம், சக்கரத்தில் கிடைக்கும் கடினம் வேறு. என் மியாட்டாவில் முன்னால் 8 கிலோ ஸ்பிரிங், அதாவது ஒரு மில்லிமீட்டர் அமுங்க 8 கிலோ. ஆனால் ஸ்பிரிங் விஷ்போன் என்ற சஸ்பென்ஷன் கையில் உள்தள்ளி உட்கார்ந்திருப்பதால், சக்கரம் 10 நகர்ந்தால் ஸ்பிரிங் 7 தான் நகரும். அந்த விகிதத்தை இரண்டு முறை பெருக்க வேண்டும். சக்கரத்தில் மிஞ்சுவது 4 கிலோவுக்கும் கீழே. அதை அந்த மூலை சுமக்கும் எடையோடு வைத்துக் கணக்கிட்டால் விநாடிக்குச் சுமார் 2 முறை ஆடும். சாதாரணக் குடும்பக் கார் 1 முதல் 1.5 வரை. ஸ்விஃப்டின் முன்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக நிற்கும் ஸ்ட்ரட்டில் ஸ்பிரிங்கும் சக்கரமும் கிட்டத்தட்ட ஒரே அளவு நகரும். அதனால் "மியாட்டாக்காரன் 8 போட்டான், நானும் 8 போடுகிறேன்" என்று கிளம்பாதேடா, இரண்டு மடங்கு கடினமாகிவிடும்.

ஒன்றரை இன்ச் இறக்குவதில்தான் எனக்கு ஒப்புதலே இல்லை. உன்னுடையது போன்ற மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் வண்டியை இறக்கினால் கீழே இருக்கும் கையின் வெளிமுனை மேல்நோக்கிச் சாயும். எடையின் மையம் இறங்குவதைவிட வேகமாக ரோல் சென்டர் (வண்டி சாயும்போது சுழலும் புள்ளி) கீழே போய்விடும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் வண்டியைச் சாய்க்கும் நெம்புகோல், அது நீளும். சாயாமல் இருக்க இறக்குகிறாய், வண்டி இன்னும் சாயப் பார்க்கும். அதோடு ஷாக்கின் அசையும் இடம் குறைந்து பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் தடுப்பில் போய் முட்டும். முட்டின நொடியில் அந்தச் சக்கரத்துக்கு ஸ்பிரிங்கே இல்லை என்று அர்த்தம், முன்பக்கம் நேராகப் போகும். அரை இன்ச்சுக்கு மேல் வேண்டாம். ஸ்பிரிங் சுற்றை வெட்டித் தருகிறேன் என்று பட்டறையில் யாராவது சொன்னால் டீ குடித்துவிட்டு வந்துவிடு.

டயர், அலைன்மென்ட், ஷாக், பின்பார், கடைசியாக ஸ்பிரிங். என்னைக் கேட்டால் இந்த வரிசைதான். வரிசைக் கோன்களை வளைந்து வளைந்து கடக்கும் ஸ்லாலத்தில் வண்டி இடமும் வலமும் மாறுகிற அந்த நொடியை ஆள்வது ஷாக்தான். தேய்ந்த ஷாக்கின் மேல் புது ஸ்பிரிங்கைப் பூட்டினால் வண்டி ஒரு கோனுக்குப் பதிலாக அடுத்த கோனில்தான் அமைதியாகும்.

டிசம்பர் கடைசியில் கோயம்புத்தூர் வருகிறோம். செட்டிப்பாளையம் கரி ரேஸ் டிராக்கில் அப்போது ஏதாவது நடக்கிறதா என்று விசாரித்து வை. உன் வண்டியின் இப்போதைய கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) அளவையும் முன்பாரின் விட்டத்தையும் எழுதி அனுப்பு. ஷாக் ஏதாவது இங்கிருந்து வேண்டுமென்றால் அடுத்த மாதத்துக்குள் சொல்லிவிடு, பெட்டியில் அம்மாவுக்கான சாமான் ஏறுவதற்கு முன்னால் இடம் பிடிக்க வேண்டும்.

அன்புடன்,
ரவி