ஆயுத பூசைக்காக எஞ்சின் மீது தண்ணீர் பீய்ச்ச வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆயுத பூசைக்கு இன்னும் சில நாட்களே இருக்கின்றன. வீடுதோறும் கார்களைக் கழுவித் துடைத்துச் சந்தனம், குங்குமம் இட ஆயத்தமாகும் வாசகர்களிடம் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோளை வைக்க விரும்புகிறேன். காரின் வெளிப்புறத்தைக் கழுவும் அதே வேகத்தில் பானெட்டைத் திறந்து எஞ்சின் மீதும் தண்ணீரைப் பீய்ச்சும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, துணியும் பிரஷும் அரை வாளித் தண்ணீரும் கொண்டு வீட்டிலேயே அந்த இடத்தைத் துடைத்தெடுக்கலாம். வண்டிக்கும் துடைப்பவருக்கும் அதுவே பாதுகாப்பு.

சென்ற ஆண்டு பூசைக்கு முந்தைய நாள் எங்கள் பகுதியிலுள்ள ஒரு வாட்டர் சர்வீஸ் நிலையத்தில் என் காரை விட்டேன். அன்று கூட்டம் அதிகம் என்பதால், ஓடி வந்த சூடு தணியும் முன்பே பானெட்டைத் திறந்து, சோப்பு நுரையை அடித்து, அழுத்தக் குழாயால் எஞ்சின் முழுவதையும் கழுவிக் கொடுத்தார்கள். பார்க்கப் புதிதுபோல இருந்ததால் நானும் மகிழ்ச்சியோடுதான் ஓட்டி வந்தேன். மறுநாள் காலை பூசை முடிந்து, எலுமிச்சம்பழத்தின் மீது ஏற்றுவதற்காக வண்டியைக் கிளப்பியபோது, ஒரு சிலிண்டர் வேலை செய்யாததுபோல எஞ்சின் உதறியது; டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு எரியத் தொடங்கியது. வந்து பார்த்த மெக்கானிக், ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலை வெளியே உருவியதும் அதன் ரப்பர் உறைக்குள்ளிருந்து தண்ணீர் சொட்டியது. டார்ச் அடித்துக் காட்டினார்: ஸ்பார்க் பிளக் அமர்ந்திருக்கும் ஆழமான குழியில் தண்ணீர் தேங்கி, பிளக்கின் வெள்ளைப் பீங்கான் பாதிவரை மூழ்கியிருந்தது. “பிளக் குழியில தண்ணி நிக்குது சார், அப்புறம் எப்படி வண்டி ஒழுங்கா ஓடும்?” என்றார். அந்தக் காயிலையே மாற்ற வேண்டியதாயிற்று.

அம்பாசடரும் பத்மினியும் ஓடிய காலத்தில் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் ஈரம் புகுந்தால் வண்டி கிளம்பாது. மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்து மாட்டினால் பெரும்பாலும் கிளம்பிவிடும். இன்றைய கார்களில், குறிப்பாக 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தயாரானவற்றில், சென்சார்களும் அவற்றின் ஒயர் இணைப்புகளும் எஞ்சினைச் சுற்றிலும் நிறைந்திருக்கின்றன. அந்த இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையங்கள் மழைச் சாரலையும் சாலையில் தெறிக்கும் நீரையும் தடுப்பதற்காக வைக்கப்பட்டவையே தவிர, ஒரு சாண் தூரத்தில் நின்று பீய்ச்சும் நீரைத் தாங்குவதற்காக அல்ல. நம் கார் டயரில் இருக்கும் காற்றின் அழுத்தம் 2 பாரைச் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) சற்றே தாண்டும். வீட்டு உபயோகத்துக்கென்று விற்கும் சிறிய பிரஷர் வாஷரோ 100 பாருக்கு மேல் அழுத்தம் தரக்கூடியது. அந்த வேகத்தில் உள்ளே புகுந்த நீர் அன்றே கோளாறு காட்டினால் அது நல்லகாலம் என்றுதான் சொல்வேன். பல மாதங்கள் தங்கிச் செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு ஏறிய பிறகு வரும் பழுதைக் கண்டுபிடிப்பது அனுபவமுள்ள மெக்கானிக்குக்கே கடினம்.

வீட்டில் செய்பவர்கள் முதலில் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். வெளியே சென்று வந்த காரை இரண்டு மணி நேரமாவது நிழலில் விட்டுவிடுங்கள். கொதிக்கும் இரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விட வாய்ப்புண்டு. எழும் ஆவி கையையும் முகத்தையும் சுட்டுவிடும். சாவியை எடுத்த பிறகும் பல கார்களில் ரேடியேட்டர் விசிறி தானாகச் சுழலத் தொடங்கும் என்பதால் அதன் அருகே விரலையோ துணியையோ கொண்டுபோகக் கூடாது. மோதிரம், வளையல், உலோகப் பட்டை கொண்ட கைக்கடிகாரம் ஆகியவற்றையும் கழற்றி வைத்துவிட வேண்டும். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் காரின் உடலுக்கும் இடையே மோதிர விரல் சிக்கினால் அந்த மோதிரம் நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். பேட்டரி இணைப்பைக் கழற்றும்போது முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ்; மாட்டும்போது இதற்கு நேர்மாறு. முனைகளில் பூத்திருக்கும் வெண்பச்சைப் பொடியைச் சுரண்டாமல், வெந்நீரில் கரைத்த சமையல் சோடாவைப் பழைய பல்துலக்கும் பிரஷால் தடவினால், அது நுரைத்து அமிலத்தை முறித்துவிடும்.

பிறகு ஈரமில்லாத வேலை. முன்கண்ணாடியின் அடிப்பகுதியில் சேர்ந்திருக்கும் வேப்பிலைகளையும் சருகுகளையும் கையால் அள்ளிவிடுங்கள். அங்குள்ள வடிகால் துளைகள் அடைபட்டால் வடகிழக்குப் பருவமழையின்போது தண்ணீர் காருக்குள்ளேயே இறங்கிவிடும். எலிப் புழுக்கையோ கூடோ தென்பட்டால் உலர்ந்த நிலையில் பெருக்கவோ காற்றடித்து ஊதவோ வேண்டாம். எலியின் சிறுநீர் வழியே பரவும் எலிக்காய்ச்சல் கையிலுள்ள சிறு கீறல் வழியாகக்கூட உடலுக்குள் நுழையக்கூடியது. ஆகவே ரப்பர் கையுறையும் முகக்கவசமும் அணிந்து, கிருமிநாசினியால் நனைத்துச் சில நிமிடங்கள் கழித்துத் துடைத்தெடுக்க வேண்டும். எலி கடித்த ஒயர் எதுவும் கண்ணில் பட்டால், சுத்தம் செய்வதை அத்துடன் நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள்.

துடைக்கும் முன் எண்ணெய்க் கறை எங்கெங்கே இருக்கிறது என்று கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. சுத்தமான எஞ்சினில் ஒரு வாரம் கழித்து அதே இடத்தில் மீண்டும் ஈரம் தெரிந்தால் அங்கேதான் கசிவு என்பது உறுதியாகிவிடும். என்னைப் பொறுத்தவரை இந்த வேலையின் பெரும் பயனே இதுதான். காற்று வடிகட்டிக்குச் செல்லும் குழாயின் வாய், பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையால் மூடிக்கொண்டு, பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் கலந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். கறை போகவில்லையே என்று காஸ்டிக் சோடா கலந்த காரமான பொருட்களைப் பயன்படுத்தினால் அலுமினியம் அரித்துப்போகும். பிரேக் ஆயில் மூடியைத் திறக்கவே கூடாது. டாட் 4 வகை பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிய பிறகு அது 155 டிகிரி வரை இறங்கக்கூடும், அப்போது நீண்ட மலைப்பாதை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போகும் ஆபத்து உண்டு. ஹைபிரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிறக் கேபிள்கள் உயர் மின்னழுத்தம் பாய்பவை. அவற்றின் பக்கமே ஈரத்துணி போகக் கூடாது.

எல்லாவற்றையும்விட என்னைப் பதறவைப்பது வேறொன்று. பிசுக்கு எளிதில் கரைகிறது என்பதற்காகப் பெட்ரோலையோ மண்ணெண்ணெயையோ துணியில் நனைத்து எஞ்சினைத் துடைப்பவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். சிலர் டீசலைத் தெளித்துப் பளபளப்பேற்றுகிறார்கள். ரப்பர் குழாய்கள் இதனால் உப்பிப் பழுதாவது ஒருபுறமிருக்க, பெட்ரோலின் ஆவி பானெட்டின் கீழ் தேங்கி நிற்க, சற்று நேரத்தில் அதே பானெட்டைத் திறந்துவைத்துக் கற்பூரத் தட்டைக் காட்டுகிறார்கள். குழந்தைகள் கைகூப்பியபடி பக்கத்திலேயே நிற்கிறார்கள். வண்டிக்குக் கற்பூரம் காட்டுபவர்கள் பானெட்டை மூடிவைத்து, சற்றுத் தள்ளி நின்று காட்டுமாறு கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

துடைத்து முடித்ததும், மூடிய பைகள் அனைத்தையும் எடுத்துவிட்டு, பானெட்டைத் திறந்தே வைத்துப் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டால் மீதி ஈரமும் உலர்ந்துவிடும். இதைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். கதவடைத்த ஷெட்டுக்குள் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் கீழே சிந்தியிருந்தால் உடனே துடைத்துவிடுங்கள். எத்திலீன் கிளைக்கால் கலந்த அந்த நீர் இனிப்பாக இருப்பதால் தெருநாய்கள் நக்கிவிட்டு உயிரிழக்கின்றன; பூனைகளுக்கும் அது நஞ்சு.

இக்கடிதத்தைப் பூசைக்கு முன்பே வெளியிட்டு உதவுமாறு வேண்டுகிறேன். வாட்டர் சர்வீஸ் நிலையங்களை நடத்துவோரும், பானெட்டைத் திறக்கும் முன் “எஞ்சினையும் கழுவவா?” என்று வண்டிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்பதையும், கழுவச் சொன்னாலும் எஞ்சின் ஆறும்வரை காத்திருப்பதையும் இந்தப் பூசையிலிருந்தே வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.