மகளிர் எழுத்து வட்டங்கள் ஏன் ஆறு மாதத்தில் கலைகின்றன?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மகளிர் தினம் வந்தால் 'பெண்கள் எழுத முன்வர வேண்டும்' என்று எல்லா இதழ்களிலும் அழைப்பு வந்துவிடுகிறது. முன்வந்தவர்கள் எங்கே போனார்கள் என்றுதான் யாரும் கேட்பதில்லை. தமிழுக்கான சாகித்திய அகாதெமி விருது 1955இலிருந்து வழங்கப்படுகிறது. 2024 வரை அதைப் பெற்ற பெண்கள் நால்வரே: ராஜம் கிருஷ்ணன் (1973), லக்ஷ்மி (1984), திலகவதி (2005), அம்பை (2021). எழுத ஆளில்லாமல் வந்த கணக்கில்லை இது. எழுதுகிறவருக்கு நேரமும், முதல் பிரதியைக் கேட்கிற ஆளும் அமையாததே பெரிய காரணம் என்பது எங்கள் கருத்து. நாவலாசிரியர் வை.மு.கோதைநாயகி தொடக்கத்தில் சரளமாக எழுதத் தெரியாமல் வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதிக்கொண்டார். 1925இல் 'ஜகன்மோகினி' இதழை ஏற்று நடத்தியவருக்கும் முதலில் பக்கத்தில் ஒரு தோழி வேண்டியிருந்தது.

பெண்கள் கூடித் தங்கள் படைப்புகளை வாசித்துப் பேசும் மகளிர் எழுத்து வட்டங்கள் ஊருக்கு ஊர் தொடங்குகின்றன. அவற்றில் பல கலைவது இலக்கியக் காரணத்தால் அல்ல, கிழமையால். இலக்கியக் கூட்டம் என்றால் ஞாயிறு மாலை 5 மணி என்பது எழுதாத சட்டம். வீட்டில் விருந்தாளி இருப்பதும், மறுநாள் பள்ளிக்குச் சீருடை தேய்ப்பதும் அந்த நேரத்தில்தான். பள்ளி நடக்கும் நாளில் காலை 11 முதல் 12.30 வரை வைத்தால் வருகை குறையாது. வேலைக்குப் போகிறவர்களுக்கு இரண்டாம் சனிக்கிழமை தனிக்கூட்டம் வைப்பதே நல்லது. இரண்டையும் ஒன்றாக்கப் பார்த்தால் இரு தரப்பும் வராது. இடம் பேருந்து நிறுத்தத்துக்கு அருகில் உள்ள கிளை நூலகமாக இருக்கட்டும். யார் வீட்டிலாவது கூடினால் அந்த வீட்டுப் பெண் காபி போட்டே களைத்துப்போவார், அவர் கதை மட்டும் அன்று வாசிக்கப்படாது.

எட்டுப் பேர் போதும். எப்படியும் ஐந்து பேர்தான் வருவார்கள். ஓர் அமர்வுக்கு இரண்டு படைப்புகள், ஒவ்வொன்றும் 1000 சொற்களுக்குள். வாசிக்கப் பத்துப் பன்னிரண்டு நிமிடம், பேச இருபது நிமிடம் என்று ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மூன்றாவதைச் சேர்த்தால், கடைசியில் வாசிப்பவரின் கதையின்போது எல்லோர் கண்ணும் கடிகாரத்தில் இருக்கும்.

எழுதியவரே வாசிக்கக் கூடாது என்பதில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். தாளில் இல்லாததையெல்லாம் அவர் குரல் ஏற்றிக் கொடுத்துவிடும். வேறொருவர் வாசிக்கட்டும், எழுதியவர் பென்சிலோடு உட்கார்ந்து, வாசிப்பவர் எங்கே தடுக்கினார், எந்த வாக்கியத்துக்குத் திரும்பிப் போனார் என்று ஓரத்தில் கோடிட்டால் போதும். திருத்த வேண்டிய இடங்களில் பாதி அப்போதே தெரிந்துவிடும்.

கருத்துச் சொல்வதில் இரண்டு நோய்கள். 'அருமை' என்பது ஒன்று. அதனால் நன்மையும் இல்லை, பெரிய கெடுதலும் இல்லை. 'இது உங்க வீட்டுக் கதையா?' என்பதுதான் ஆளைக் கொல்லும். மாமியாரின் மாத்திரைப் பெட்டியை மருமகள் ஒளித்துவைக்கிறாள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கேள்வி வந்துவிட்டால் அடுத்த பிரதியில் அந்த மருமகள் காலையும் மாலையும் கால் பிடித்துவிடுவாள், கதை செத்துப்போகும். ஆகவே அந்தக் கேள்வியை முதல் நாளே தடைசெய்துவிட வேண்டும். 'நீங்கள்' என்று சொல்லாமல் பாத்திரத்தின் பெயரைச் சொல்லியே பேச வேண்டும். 'இரண்டாம் பக்கத்தில் மாத்திரை தீர்ந்தது அவளுக்கு எப்படித் தெரிந்தது?' என்பதுபோல் இடம் சுட்டிக் கேட்டால் எழுதியவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து திருத்துவார். பேச்சு முடியும்வரை அவர் பதில் சொல்லாமல் கேட்டுக்கொள்வதும் நல்லது. இல்லாவிட்டால் இருபது நிமிடமும் விளக்கத்திலேயே கரையும்.

பிரதியை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பல வீடுகளில் கைப்பேசி பொதுச் சொத்து. கதை உறவினர் குழுவுக்குப் போய்ச் சேர ஒரு தொடுதல் போதும். ஐந்து ஒளிநகல் எடுத்துக் கொடுத்து, கூட்டம் முடிந்ததும் எண்ணி வாங்கிக்கொள்ள வேண்டும். விரும்புகிறவருக்குப் புனைபெயர், காரணம் கேட்காமல்.

ஓராண்டு ஓடிய வட்டம் தனிநூலுக்கு அவசரப்படாமல் தொகுப்பு ஒன்று கொண்டுவரலாம். 1986இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட 'சொல்லாத சேதிகள்' கவிதைத் தொகுப்பு இன்றும் பேசப்படுகிறது. பதிப்பாளரிடம் போகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்கட்டும்: நூலை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண் இந்தியாவில் இலவசம், அதற்கெனத் தனிக்கட்டணம் கேட்டால் காரணம் கேளுங்கள். உரிமையை எழுதிக்கொடுக்கும்போது காலவரை குறிப்பிடாவிட்டால், 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அது ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும்; காலவரையைக் கேட்டு எழுதிவாங்குவது மரியாதைக் குறைவல்ல.

நூலகத் துறைக்கு ஒரு வேண்டுகோள்: வாசகர் வட்டம் செயல்படும் கிளை நூலகங்களில் மாதம் இரண்டு வேலைநாள் காலைகளில் ஒரு மேசையைப் பெண்களுக்கு ஒதுக்கித் தர வேண்டும். தங்களுக்கு ஒன்று: இணைப்பிதழில் கதை கேட்டு அறிவிக்கும்போது சொல்வரம்பு, எழுத்துரு, எத்தனை வாரத்துக்குள் பதில் வராவிட்டால் வேறு இதழுக்கு அனுப்பலாம் என்ற மூன்றையும் அறிவிப்பிலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
மகளிர் எழுத்து வட்டம் ஒன்றின் ஒருங்கிணைப்பாளர்கள்,
திண்டுக்கல் மாவட்டம்.