சனிக்கிழமை ஆட்டக்காரர் தேர்வு, எல்லாரும் வாங்க

வணக்கம் அண்ணன்மாரே, தம்பிகளா.

வரும் சனிக்கிழமை இரவு 8 மணி, சுங்கை சிப்புட்டில் நம்ம வழக்கமான ஒட்டுக்கடை. இந்தப் பருவத்துக்கு நம்ம ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் (அட்டையும் பகடையும் வைத்து ஆடும் பேஸ்பால் விளையாட்டு) லீக்கில் 1968-ஆம் வருஷத்து ஆட்டக்காரர் அட்டைகள்.

அந்த வருஷம் வீச்சாளர் பாப் கிப்சன், தடுப்பாளர் பிழையால் வந்ததை விட்டா, 9 இன்னிங்ஸுக்குச் சராசரியா 1.12 ஓட்டம்தான் கொடுத்தார். அமெரிக்கன் லீக்கில் (அங்கே உள்ள இரண்டு பெரிய லீக்கில் ஒன்று) அடிக்கும் சராசரி .300 தாண்டியவர் யாஸ்ட்ரெம்ஸ்கி ஒருத்தர்தான். வீச்சாளர் கை அவ்வளவு ஓங்கியதால் 1969-இல் பந்து வீசும் மேட்டையே 15 அங்குலத்திலிருந்து 10-க்கு இறக்கினார்கள். அதனால் வீச்சாளரை முதலில் எடுங்க. கிப்சனை மட்டும் சீட்டுக் குலுக்கித்தான் கொடுப்போம், அதுதான் நியாயம்.

புதுத் தம்பிக்கு: மூணு பகடையில் தனியா உள்ள பகடையில் 1 முதல் 3 விழுந்தா அடிப்பவர் அட்டையைப் பார்க்கணும், 4 முதல் 6 விழுந்தா வீச்சாளர் அட்டையை.

சிங்கப்பூர் அண்ணன் வீடியோ காலில் வருவார். லயத்துத் திண்ணையில் சேர்ந்து தொடங்கிய லீக் இது, ஒருத்தர் குறைஞ்சாலும் எனக்கு மனசு கேட்காது. வர முடியாதவங்க வெள்ளிக்குள்ள சொல்லிடுங்க.