பெங்களூருக்கு ஒரு கிறிஸ்துமஸ் காதல் நாவல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்துமஸ் காலத்தில் நடப்பதாக எழுதப்படும் ஆங்கிலக் காதல் நாவல்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பனி என்பதையே கண்ணால் காணாத பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு, இங்கிலாந்தின் பனிப்பொழிவில் மலரும் காதலைப் படித்து உருகுவது வெறும் வெளிநாட்டு மோகம் என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். கார்த்திகை தீபம் முடிந்த கையோடு சர்ச் தெருவின் பழைய புத்தகக் கடைகளுக்குப் போய், அட்டையில் சிவப்பு ரிப்பனும் வெள்ளைத் தூவலுமாக இருக்கும் நாவல்களாகப் பார்த்துப் பொறுக்கி வருகிறவள் என்ற முறையில், அந்தத் தீர்ப்பு அவசரமானது என்பது என் எண்ணம்.

இந்த நாவல்களில் பனிக்கு ஒரு வேலை உண்டு. ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கப் பிடிக்காத இருவரை ஒரே கூரையின்கீழ் இரண்டு மூன்று நாள் அடைத்துவைக்க, கதாசிரியருக்கு அதைவிடக் கண்ணியமான வழி கிடையாது. சாலை மூடிவிடும், வண்டி வராது, வீடு நிறைய உறவினர் இருப்பார்கள், படுக்க அறை போதாது. இவ்வளவுக்கும் மேலாக இருபத்தைந்தாம் தேதியை யாராலும் தள்ளிப்போட முடியாது. மற்றக் காதல் கதைகளில் நாயகனும் நாயகியும் மனம் திறப்பதற்கு ஆறு மாதமும் எடுத்துக்கொள்ளலாம், ஆறு ஆண்டும் எடுத்துக்கொள்ளலாம். இங்கே எழுதுகிறவருக்கும் கெடு, காதலிக்கிறவர்களுக்கும் கெடு. முடிவு சுபம் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்திருந்தும் நாம் படிப்பதை நிறுத்தாததற்கு அந்தக் கெடுதான் காரணம்.

மலிவுப் பதிப்புகள் புதிதாகக் கண்டுபிடித்த உத்தி என்றும் இதைச் சொல்ல முடியாது. காதல் நாவல்களுக்குப் பின்னாளில் பெயர்போன மில்ஸ் அண்ட் பூன் பதிப்பகம் 1908இல் லண்டனில் தோன்றுவதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, 1815 டிசம்பர் 23 அன்று வெளியான ஜேன் ஆஸ்டினின் 'எம்மா' நாவலில் இது இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு விருந்தின் நடுவே, வெளியே பனி விழுந்து தரையை மூடிவிட்டது என்ற செய்தி வருகிறது. எல்லோரும் பதறிக் கிளம்புகிற குழப்பத்தில் நாயகி எம்மாவும் பாதிரியார் எல்டனும் மட்டும் ஒரே குதிரை வண்டியில் அகப்பட்டுக்கொள்கிறார்கள். விருந்தில் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே மது அருந்தியிருந்த பாதிரியார், வண்டி வாசலைத் தாண்டியதும் அவள் கையைப் பற்றிக்கொண்டு தன் காதலைக் கொட்டித் தீர்க்கிறார். வேறொரு பெண்ணை அவருக்கு முடித்துவைக்கக் கனவு கண்டுகொண்டிருந்த எம்மாவால் இறங்கி ஓடவும் முடியாது, வண்டியை வேகமாக ஓட்டச் சொல்லவும் முடியாது. அதன் பிறகு பல நாள் அவரை நேரில் பார்க்காமல் தப்பிப்பதற்கும் அதே பனிதான் அவளுக்குத் துணை நிற்கிறது. பொருந்தாத காதலுக்கு இவ்வளவு உழைத்த பனியைப் பொருந்திய காதலுக்குப் பின்வந்தவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள் என்றால் அதில் குற்றமில்லை.

இந்த நாவல்களில் குறையே இல்லை என்று நான் வாதாடவில்லை. மன்னருக்குப் பதிலாக இளவரசர் ஆட்சி நடத்திய 1811 முதல் 1820 வரையிலான ரீஜென்சி காலத்தில் நடப்பதாகச் சொல்லப்படும் கதைகளில் பாதிக்கு மேல், வரவேற்பறையில் மெழுகுவர்த்தி ஏற்றிய கிறிஸ்துமஸ் மரத்தைக் கூசாமல் நட்டுவிடுகிறார்கள். அரண்மனையையும் சில பெரிய வீடுகளையும் தவிர்த்து இங்கிலாந்தில் அந்த வழக்கம் அப்போது கிடையாது. விக்டோரியா ராணியின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படத்தை 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' 1848இல் வெளியிட்ட பிறகுதான் அது ஊரெங்கும் பரவியது. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை விற்பனைக்கு வந்ததும் 1843இல்தான். விவரம் தெரிந்து எழுதுகிறவர்கள் மரத்தை விட்டுவிட்டு மிசல்டோ கொத்தைத் தொங்கவிடுவார்கள். நம் மாமரக் கிளையில் ஒட்டிப் படரும் புல்லுருவிக்கு உறவான அந்தச் செடியின்கீழ் நிற்கும் பெண்ணை முத்தமிடலாம் என்பதும், ஒவ்வொரு முத்தத்துக்கும் ஒரு வெள்ளைக் காயைக் கிள்ளிவிட வேண்டும் என்பதும், காய் தீர்ந்தால் சலுகையும் தீர்ந்தது என்பதும் பழைய வழக்கம். ஒரே ஒரு காய் மிஞ்சியிருக்கும்போது நாயகன் அறைக்குள் நுழைவதாக எழுதத் தெரிந்தவருக்கு மரமும் வேண்டாம், வாழ்த்து அட்டையும் வேண்டாம். நகரத்தில் பெரிய வேலையிலிருக்கும் பெண் சொந்த ஊருக்கு வந்து, நொடித்துப்போன பேக்கரியையும் அதன் உரிமையாளரையும் ஒருசேரக் காப்பாற்றும் இக்காலத்து அமெரிக்கக் கதைகளை மட்டும் என்னால் பத்துப் பக்கத்துக்குமேல் சகிக்க முடிவதில்லை.

கட்டுரையாளரிடம் எனக்குள்ள உண்மையான வருத்தம் வேறு. பெங்களூரில் பனி இல்லை என்று எழுதியவர், இங்கே என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்க்கவில்லை. மனிதரை வழிமறித்து அடைத்துவைக்கப் பனிதான் பெய்ய வேண்டுமா? நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் போக வேண்டிய எத்தனை ஆயிரம் தமிழர்கள் ஒவ்வொரு டிசம்பரிலும் இந்த ஊரில் அகப்பட்டுக்கொள்கிறார்கள்! ரயில் முன்பதிவுக் காலத்தை 2024 நவம்பரில் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டதால், டிசம்பர் 23ஆம் தேதி ரயிலுக்கு அக்டோபர் 24 காலை எட்டு மணிக்கே கைப்பேசியும் கையுமாக உட்கார வேண்டும். கை சற்றுத் தாமதித்தால் வெயிட்டிங் லிஸ்ட். ஆம்னி பேருந்துக் கட்டணமோ அந்த வாரத்தில் வாய்விட்டுச் சொல்லும்படி இருக்காது. மடிவாளாவில் பேருந்துக்காகப் பையோடு நள்ளிரவு வரை நின்ற இருவருக்கு, சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் வண்டி சிக்கிக்கொண்டது என்ற ஒரே தகவல் வந்துகொண்டிருந்தால், ஆஸ்டின் காலத்துக் குதிரை வண்டிக்கு அது எந்த வகையில் குறைந்தது?

ஊருக்குப் போகாமல் இங்கேயே பண்டிகை கொண்டாடும் வீடுகளிலும் கதை இருக்கிறது. பிரேசர் டவுன், காக்ஸ் டவுன், லிங்கராஜபுரம் பக்கம் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் கிறிஸ்துமஸ் பாடல்கள் பாடும் கேரல் ரவுண்ட்ஸ் குழு இரவெல்லாம் வீடு வீடாகப் போகும். எந்த வீட்டு வாசலில் ஒரு பாட்டு கூடுதலாகப் பாடப்படுகிறது என்பதைத் தெருவில் எல்லோரும் கவனிப்பார்கள். கேக்குக்குக் கலக்கிய மாவைத் தகரத் தட்டில் ஊற்றி, பெயர் எழுதிய துண்டுச்சீட்டை ஓரத்தில் செருகி, பக்கத்து பேக்கரியின் அடுப்புக்குக் கொடுத்தனுப்பும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அடுப்புச் சூட்டில் சீட்டு கருகிப்போய் இரண்டு வீட்டுத் தட்டுகள் இடம் மாறிவிட்டால், ரம் ஊற்றிய கேக் மதுவைத் தொடாத குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், ஒரு நாவலுக்கு அது போதும்.

தவிர, நம் கதைகள் ஆங்கிலக் கதைகளைவிடக் கனமாகவும் இருக்கும். அங்கே தேவாலயம் பெரும்பாலும் மணியோசையோடு சரி. இங்கே பையன் கத்தோலிக்கன், பெண் சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபை என்றாலே வீட்டில் பேச்சுவார்த்தை தொடங்கிவிடும்; பெண் வீட்டார் நட்சத்திர விளக்கே கட்டாத பெந்தெகொஸ்தே சபையினர் என்றால் கிறிஸ்துமஸே அவர்களுக்கிடையில் பிரச்சினையாகும்; சபை ஒன்றாக இருந்தாலும் சாதி என்ன என்ற கேள்வி எழாமல் இருப்பதில்லை. இருபத்தைந்தாம் தேதி எல்லாம் இனிதே முடிந்தாலும் உடனே மேளம் கொட்டிவிட முடியாது. மூன்று ஞாயிறு தேவாலயத்தில் திருமண அறிவிப்பான ஓலை வாசித்தாக வேண்டும். ஒருவர் இந்துவாக இருந்தால் மார்கழியும் குறுக்கே நிற்கும். தை பிறக்கும்வரை காத்திருக்கும் காதலர்களை எந்த ஆங்கில நாவலிலும் நான் சந்தித்ததில்லை.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்துக்கு நான்கு ஞாயிறுகள் உண்டு; தங்கள் இணைப்பும் ஞாயிறுதோறும் வருகிறது. வரும் ஆண்டில் அந்த நான்கு வாரங்களுக்கும் பெங்களூரில் நடக்கும் கிறிஸ்துமஸ் காதல் குறுநாவல் ஒன்றைத் தொடராக வெளியிடலாம். பெயர் பெற்ற எழுத்தாளரிடம் கேட்டு வாங்குவதைவிட, இந்த நகரத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர்களுக்குப் போட்டியாக அறிவிப்பது நல்லது. கன்னடமும் ஆங்கிலமும் கலந்து இங்கே நாம் பேசும் தமிழ் அப்போதுதான் உரையாடலில் சரியாக விழும். ஆங்கிலப் பதிப்பாளர்கள் கிறிஸ்துமஸ் நாவல்களைச் செப்டம்பர், அக்டோபரிலேயே கடைக்கு அனுப்பத் தொடங்கிவிடுவதால், அறிவிப்பு ஆடி மாதத்துக்குள் வந்துவிட்டால் எழுதுகிறவர்களுக்கு வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
காக்ஸ் டவுன், பெங்களூரு