உரிமம் வேறு, பட்டம் வேறு

ஆசிரியருக்கு,

கும்பகோணம் பேருந்து நிலையப் பக்கம் ஒட்டப்படும் ஈராண்டு விமானப் படிப்புச் சுவரொட்டிகளில் சீருடையணிந்த பிள்ளைகள் சிரிக்கிறார்கள். கட்டணம் மட்டும் அச்சாவதில்லை. விமான மேலாண்மைப் பட்டத்தால் மட்டும் எவரும் விமானியாகிவிட முடியாது. அதற்கான உரிமம் பெற 200 மணி நேரப் பறப்பு அனுபவமும், முதல் வகுப்பு மருத்துவத் தகுதியும், சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) தேர்வுகளில் தேர்ச்சியும் வேண்டும். விமானப் பராமரிப்புப் பொறியாளருக்கும் அந்த இயக்குநரகமே உரிமம் வழங்குகிறது. திருச்சி விமான நிலையத்தில் 2024-இல் புதிய முனையம் திறந்ததைக் காட்டி ஆசையூட்டுகிறார்கள். ஆனால் பயணிகள் சேவை, சரக்குப் பிரிவு போன்றவற்றின் தொடக்கநிலை வேலைகள் பலவற்றுக்குச் சாதாரணப் பட்டமே போதும். குறுவை பொய்த்தால் வட்டி கட்டவே திணறும் குடும்பத்தினர், நிலத்தை அடமானம் வைக்குமுன், கடன் தவணை போக முதல் சம்பளத்தில் என்ன மிஞ்சியது என்று அங்கே படித்து முடித்தவர்களிடம் விசாரிப்பது நல்லது; சேர்க்கை அலுவலகத்தில் கேட்டால் ‘நூறு சதவீத வேலைவாய்ப்பு’ என்றுதான் சொல்வார்கள்.

– வாசகர், பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்