சானல் கரையில் கொஞ்சம் மண்ணை விட்டுவையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பசிபிக் பெருங்கடலில் உள்ள குவாம் தீவின் மீன்கொத்தியைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படம் அருமை. நீலப்பச்சை முதுகும் இலவங்கப்பட்டை நிறத் தலையுமாக அப்படி ஓர் அழகு. ஆனால் ‘மீண்டு வந்த பறவை’ என்ற தலைப்புதான் எனக்குச் சரியாகப் படவில்லை. அது இன்னும் சொந்த ஊருக்கு வந்து சேரவில்லையே!

அந்த ஒரு தீவைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவை அது. பேர்தான் மீன்கொத்தி, காட்டுக்குள் பூச்சி, பல்லி, அரணை பிடித்துப் பிழைத்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் ராணுவச் சரக்கோடு பழுப்பு மரப்பாம்பு வந்து இறங்கியது. ராத்திரி மரமேறி முட்டை, குஞ்சு என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. 1980-களின் நடுவில் 29 மீன்கொத்திகளைப் பிடித்து அமெரிக்க உயிரியல் பூங்காக்களில் காப்பாற்றினார்கள். 1988-க்குப் பிறகு குவாம் காட்டில் ஒன்றுகூட இல்லை. 2024 செப்டம்பரில் 9 பறவைகளைத் திறந்துவிட்டது பால்மைரா என்ற பாம்பில்லாத வேறொரு தீவில். குவாமில் பாம்பு இன்னமும் இருக்கிறது.

கட்டுரையில் விடுபட்டுப்போன செய்தி ஒன்று உண்டு. இந்தப் பறவை இற்றுப்போன மரத்தில், ஆணும் பெண்ணும் சேர்ந்து அலகால் குடைந்துதான் பொந்து போடும். ஜோடி ஒட்டுவதே அந்த வேலையில்தான். இரையும் துணையும் இருந்தும் குடைய இடமில்லை என்றால் என்ன செய்யும்?

தேரூர்ப் பக்கம் எங்கள் சானலில், அதாவது பாசனக் கால்வாயில், நடப்பதும் அதுதான். இங்கே வெண்மார்பு மீன்கொத்திக்குச் செங்குத்தான மண்கரை வேண்டும். பறந்து வந்து அலகால் ஓர் இடி, மண் உதிரும். திரும்பப் போய் மறுபடி ஓர் இடி. கால் ஊன்றும் அளவுக்குப் பள்ளம் விழுந்த பிறகுதான் உட்கார்ந்து தோண்டும். துளை வாயில் வெள்ளையாக எச்சம் வழிந்திருந்தால் உள்ளே குஞ்சு இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கரையில் பாதிக்குமேல் இப்போது சிமென்ட் சுவர்.

நான் கடைமடையில் நெல் போடுகிறவன். சுவர் கட்டியதால் தண்ணீர் வீணாகாமல் வயலுக்கு வருகிறது, அதை மறுக்கவே மாட்டேன். ஆனால் தண்ணீர் ஓடும் உயரம்வரை கட்டினால் போதாதா? மீன்கொத்தி துளை போடுவது அதற்கு மேலேதான். கரை உயர்ந்த இடங்களில் மேல்பகுதி மண்ணை அப்படியே விட்டால் செலவும் குறையும். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் தேரூர்க் குளம் 2022-ல் ஏறியபோது நாமெல்லாம் பெருமைப்பட்டோம். அந்தக் குளத்துப் பறவைக்குக் கூடு இந்தக் கரையிலும்தான் இருக்கிறது.

அப்புறம் இன்னொன்று. பிப்ரவரி கடைசியில் தண்ணீரை அடைத்ததும் மராமத்து தொடங்குகிறது. குஞ்சு பொரிக்கும் காலமும் கோடைதான். பூசுவதற்கு முன்னால் துளையில் எச்சம் இருக்கிறதா என்று கொத்தனார் ஒரு பார்வை பார்க்கட்டும். இருந்தால் அந்த இடத்தை மட்டும் கடைசியில் பூசச் சொல்லி, வேலை கொடுக்கும்போதே எழுதிக் கொடுக்க வேண்டும்.

— ஒரு நெல் விவசாயி, தேரூர், கன்னியாகுமரி மாவட்டம்